ஈயம் ஏன் ஒட்டவில்லை?

ஆறாம் வகுப்பில் படிக்கும்போது என் பொம்மைக் காரின் பேட்டரி வயர் அறுந்துபோனது. அப்பா வீட்டில் இல்லாத நேரம் பார்த்து அவருடைய சால்டரிங் அயர்னை எடுத்தேன். நுனியில் ஈயக்கம்பியை உருக்கி, சொட்டு மருந்து விடுவதுபோல வயர் மேல் விட்டேன். பளபளவென்று ஓர் உருண்டை உட்கார்ந்தது. கார் நாலடி ஓடி நின்றது. இழுத்துப் பார்த்தால் வயர் தனி, உருண்டை தனி!

மாலையில் அப்பா என்னைக் கொல்லைக்குக் கூட்டிப்போய், சேம்பு இலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். அது முத்துப்போல உருண்டு ஓடியது. "நீ பண்ணது இதுதான்டா. ஈயம் உட்கார்ந்திருக்கு, ஒட்டல" என்றார்.

ஈயம் பசை இல்லை, குட்டீஸ். உருகிய ஈயம் வயரிலுள்ள செம்பின் மேல் பரவும்போது, அதிலுள்ள வெள்ளீயமும் செம்பும் கலந்து, நடுவே ஒரு புதிய மெல்லிய படலம் உண்டாகிறது. உண்மையான பிடிப்பு அந்தப் படலத்தில்தான் இருக்கிறது. அது உண்டாக இரண்டு வேண்டும்: செம்பு சுத்தமாக இருக்க வேண்டும், சூடாகவும் இருக்க வேண்டும். என் வயர் ஜில்லென்று இருந்தது!

சுத்தத்துக்கு என்ன வழி? பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவரை உங்கள் பாட்டி பார்த்திருப்பார். பாத்திரத்தை நெருப்பில் காய்ச்சி, நவச்சாரப் பொடியைத் தூவித் தேய்ப்பார். குப்பென்று வெண்புகை எழும். உலோகத்தின் மேல் காற்றுபட்டுப் படிந்த ஆக்சைடு அழுக்கை நவச்சாரம் நீக்கிவிடும். அப்புறம் வெள்ளீயத்தை வைத்துத் துணியால் ஓர் இழுப்பு இழுத்தால் பாத்திரம் முழுக்க வெள்ளி மின்னல்!

சால்டரிங் ஈயக்கம்பியின் நடுவிலேயே இந்த வேலைக்காகப் பைன் மரப் பிசின் ஒளிந்திருக்கிறது. பற்றவைக்கும்போது எழும் புகை அதனுடையதுதான். அதை மூக்கில் இழுக்கக் கூடாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும். காரீயம் 327 டிகிரியில் உருகும். 63 பங்கு வெள்ளீயத்தோடு 37 பங்கு காரீயத்தைச் சேர்த்தால்? 183 டிகிரியிலேயே உருகிவிடும்! தனித்தனியே முரண்டு பிடிக்கும் இரண்டும் சேர்ந்தால் சீக்கிரம் இளகிவிடுகின்றன.

மஞ்சள் கனெக்டர்

ட்ரோன், ரிமோட் கார் பேட்டரிகளில் எக்ஸ்டி60 என்ற மஞ்சள் கனெக்டர் இருக்கும். அந்த 60 என்பது 60 ஆம்பியரைக் குறிக்கிறது. பேட்டரிப் பக்கம் வழக்கமாக ஓட்டை உள்ள பாதியைத்தான் வைப்பார்கள். ஏன் தெரியுமா? நம் வீட்டு பிளக் பாயின்ட் மாதிரிதான். மின்சாரம் இருக்கும் பக்கத்தில் உலோகம் வெளியே நீட்டிக்கொண்டு இருக்கக் கூடாது.

இந்தக் கனெக்டரின் தடித்த உலோகப் பின்கள் சூட்டை மடமடவென்று குடித்துவிடும். ஆகவே அகன்ற நுனியுள்ள அயர்ன் வேண்டும். முதலில் வயர் நுனியில் ஈயம் பூச வேண்டும். பின்னின் குழியிலும் பூச வேண்டும். பிறகு இரண்டையும் சேர்த்துச் சூடாக்கினால் ஈயம் ஒன்றாகி ஓடும். அயர்னை எடுத்தபின் உறையும்வரை கை ஆடக் கூடாது. பிளாஸ்டிக் இளகி, உலோகப் பின் சாய்ந்துவிடாமல் இருக்க, இதன் ஜோடிக் கனெக்டரைச் செருகி வைத்துக்கொண்டு பற்றவைப்பார்கள். மேலே போடும், சூட்டில் சுருங்கும் குழாயை முன்கூட்டியே வயரில் மாட்டிவிட வேண்டும். நான் எத்தனை தடவை மறந்து, பற்றவைத்ததைப் பிரித்திருக்கிறேன் தெரியுமா!

பற்று சரியில்லாவிட்டால் என்ன ஆகும்? ஒரு சின்னக் கணக்கு. அந்த இடத்தில் 0.1 ஓம் தடை. ஓடுவது 20 ஆம்பியர். 20 × 20 × 0.1 = 40 வாட். இது ஒரு சால்டரிங் அயர்னின் சூடு! மோசமான பற்று தன்னைத் தானே உருக்கிக்கொள்ளும்.

அயர்ன் நுனி 350 டிகிரிக்கு மேலும் காயும். பெரியவர் பக்கத்தில் இல்லாமல் தொடாதீர்கள். கண்ணாடி அணியுங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், காரீயம் உடம்புக்கு ஆகாது. லித்தியம் செல்லின் உடம்பில் அயர்னை வைக்கவே கூடாது. லித்தியம் பேட்டரிக்குக் கனெக்டர் மாற்றுவது பெரியவர் வேலை. சிவப்பு வயரும் கறுப்பு வயரும் தொட்டுக்கொண்டால் தீப்பொறிதான். அதனால் ஒரு வயரை முடித்து மூடிய பிறகுதான் அடுத்ததை வெட்டுவார்கள்.

நீங்கள் செய்து பாருங்கள்

ஓடாத பழைய பொம்மை ஒன்றை, பேட்டரியைக் கழற்றிவிட்டு, அப்பா அம்மாவோடு சேர்ந்து திறவுங்கள். ஒவ்வொரு பற்றையும் பூதக்கண்ணாடியில் பாருங்கள். மலையடிவாரம்போலச் சரிந்து பரவியிருந்தால் நல்ல பற்று. சேம்பு இலைத் தண்ணீர்போல உருண்டு நின்றால்? பொம்மை ஏன் நின்றது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.