அச்சங்குளத்தில் எழுத்து எத்தனை?

விருதுநகர் ஜில்லாவில் சாத்தூரை அடுத்துள்ள சிற்றூர் அச்சங்குளம். 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 12-ஆம் நாள் ஆங்குள்ள பட்டாசுத் தொழிற்சாலையொன்றில் நிகழ்ந்த வெடிவிபத்தில் இருபதுக்கு மேற்பட்டோர் உயிர் நீத்தமையால், அவ்வூர்ப் பெயர் நாடெங்கும் அறியலாயிற்று. அப்பெயரில் எழுத்து எத்தனை என வினவின், தொடக்கப் பள்ளிச் சிறுவனும் விரல் மடக்கி அ, ச், ச, ங், கு, ள, ம் என ஏழு என்பான். இணையப் பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் என்னும் கணிமொழியை வினவினாலோ 11 என்று விடை வரும். இவ்வேறுபாடு எங்ஙனம் நேர்ந்தது, அதனால் விளையுங் கேடு யாது என்பவற்றை யாம் ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

இம்மொழி 1995-ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரண்டன் ஐக் என்பவரால், பத்தே நாட்களில், முதல் வடிவம் பெற்றது. இதன்கண் எழுத்துத் தொடர் ‘சரம்’ எனப்படும். சரம் என்றவுடன் நம் பக்கத்தார்க்குச் சரவெடியே நினைவுக்கு வரும், உவமையும் பொருத்தமே. திரியில் வெடிகளைப் பின்னியது போலப் பதினாறு பிட்டு அளவுள்ள எண்களை வரிசையாகக் கோத்ததே சரம். இயந்திரம் எண்ணுவது அவ்வெண்களையேயன்றி எழுத்துக்களை அன்று.

தமிழுக்கு யூனிகோடு ஒதுக்கிய இடங்கள் 128. நம் எழுத்துக்களோ 247. ஆதலின் உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனியெண் தரப்படவில்லை. இலக்கண நூலார் மெய்யை முதலாகக் கொண்டு, ‘க்’ என்பதனோடு அகரஞ் சேர ‘க’ பிறக்கும் என்பர். யூனிகோடோ ‘க’ என்பதை முதலாக வைத்து, அதன்பின் புள்ளியைத் தனிக்குறியாகச் சேர்த்து ‘க்’ என்பதை ஆக்குகின்றது. தலைகீழான இம்முறை 1988-ஆம் ஆண்டின் இந்திய நியமமாகிய இஸ்கியினின்று வந்ததாகும். எனவே அச்சங்குளத்தின் ஏழெழுத்தோடு மூன்று புள்ளியும் ஓர் உகரக் குறியுங் கூடப் பதினொன்று ஆயிற்று.

இதனால் வரும் இடர் யாதெனின், பெயருக்குப் பத்து இடமே என எல்லை வகுத்த படிவத்தில் இவ்வூர் ‘அச்சங்குளம’ எனப் புள்ளியிழந்து நிற்கும். ‘ஸ்லைஸ்’ என்னும் வெட்டுங் கருவியிடம் முதல் ஏழு கேட்டால் ‘அச்சங்க’ என்று தரும், குளமே வற்றிவிடும்! ஆங்கிலப் பெயர்களை மட்டும் இட்டுச் சோதிப்பவர் கண்ணுக்கு இப்பிழை ஒருநாளும் புலப்படாது.

இதனினும் கொடியது ஒப்புநோக்குதலில் உள்ளது. பொன்னுத்தாய் என்னும் பெயரின் முதலெழுத்தைப் பகரத்தோடு ஓர் ஒகரக் குறியாகவும் எழுதலாம். பகரத்தின்பின் எகரக் குறி, ஆகாரக் குறி என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இயந்திரத்துக்கோ அவை வெவ்வேறு சரங்கள். கூலிக்கோ நிவாரணத்துக்கோ பெயர் பதிந்த ஏழைப் பெண்ணொருத்தி, ‘இப்பெயர் பட்டியலில் இல்லை’ என்ற மறுமொழி பெறின், எவரிடஞ் சென்று முறையிடுவாள்? ஒப்பிடுமுன் இரண்டையும் ஒரே வடிவாக்கும் ‘நார்மலைஸ்’ என்னுங் கருவி 2015-ஆம் ஆண்டின் பதிப்பிலேயே அம்மொழியிற் சேர்ந்துவிட்டது. அதனை வழங்காதிருத்தற்கு இனிச் சாக்கு இல்லை என்பது எம் கருத்து.

இனிப் ‘பொருள்’ என்பது பண்புகளின் தொகுதி. ஒரு தொழிலாளியின் பெயர், ஊர், வேலை செய்த நாட்கள் ஆகிய மூன்றும் ஒரு பொருளின் பண்புகளாய் அமையும். சரம் பிறந்தபின் மாறாது. திருத்தினால் புதுச்சரமே தோன்றும். பொருள் அத்தகையதன்று. ஒரு பொருளுக்கு மற்றுமோர் பெயரிட்டால் நகல் பிறப்பதில்லை. இரு பெயரும் ஒன்றனையே சுட்டும். அக்காளின் பதிவை அவ்வாறு எடுத்துத் தங்கையின் நாட்கணக்கை அதில் எழுதுவோர், அக்காளின் கணக்கையும் அறியாமலே அழித்துவிடுவர். பண்புகளை வேறொரு புதுப்பொருளில் எடுத்தெழுதிய பின்னரே திருத்துதல் வேண்டும்.

எழுத்தை எழுத்தாகவே எண்ணுதற்கு இக்காலத்து உலாவிகளில் ‘இன்ட்ல் செக்மென்டர்’ என்னுங் கருவி உண்டு. அஃது அச்சங்குளத்துக்கு ஏழென்றே விடை தருகின்றது. ‘க்ஷ’ என்பதை மட்டும் இரண்டாகப் பிரிக்கும். அது வடவெழுத்தாதலின் தனித்தமிழன்பர் வருந்தார். அகரவரிசைக்கு ‘லொகேல் கம்பேர்’ என்பதனிடம் தமிழ் எனக் குறித்துக் கேட்டல் வேண்டும். வாளா விட்டால் இயந்திரம் தன் எண்முறைப்படி ழகரத்தை வகரத்துக்கு முன்னும், னகரத்தைப் பகரத்துக்கு முன்னும் நிறுத்தும். தமிழ் எனக் கூறின் ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்று நாம் பயின்றவாறே நிறுத்தும்.