கடல் இல்லாத ஊரில் கடல் மீன்!

ஆரஞ்சு நிற உடல். அதில் வெள்ளைப் பட்டைகள். கண்ணாடித் தொட்டியில் துள்ளி விளையாடுகிறது கோமாளி மீன்.

ஆனால் அந்த மீனின் உயிர் இருப்பது மேலே அல்ல, கீழே! மேஜைக்கு அடியில் மறைந்திருக்கும் இன்னொரு தொட்டியில். அதன் பெயர் "சம்ப்."

சென்னை மெரினாவில் 1909-ம் ஆண்டிலேயே மீன் காட்சிசாலை திறக்கப்பட்டது. அதற்குக் கடல் பக்கத்திலேயே இருந்தது. திருவள்ளூர் மாவட்டத்திலும் பழவேற்காட்டில் கடல் உண்டு. நெசவு ஊரான ஆர்.கே.பேட்டையோ மாவட்டத்தின் மறுகோடியில், ஆந்திர எல்லை அருகே இருக்கிறது. அங்கே கடல் நீரை வீட்டிலேயே தயாரிக்க வேண்டும்.

சுத்திகரித்த தண்ணீரில், மீன் தொட்டிக்கென்றே விற்கும் கடல் உப்புக் கலவையைக் கரைக்க வேண்டும். லிட்டருக்குச் சுமார் 35 கிராம். சமையல் உப்பு உதவாது.

சுற்றி வரும் தண்ணீர்

வீட்டுச் சம்ப்பில் இருந்து மோட்டார் தண்ணீரை மாடிக்கு ஏற்றுகிறது அல்லவா? இதுவும் அப்படித்தான். மேல்தொட்டியில் வழியும் நீர், குழாயில் கீழே இறங்குகிறது. முதல் அறையில் துணிப்பை அழுக்கைப் பிடிக்கிறது. அடுத்த அறையில் நுரை எழுப்பும் கருவி. கழிவு, நுரையோடு ஏறிக் கிண்ணத்தில் சேர்கிறது. கடைசி அறையில் உள்ள பம்ப், சுத்தமான நீரை மேலே அனுப்புகிறது.

வெயிலில் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. ஆகவே கடைசி அறையில் மட்டம் குறைந்தால் உப்பில்லாத தண்ணீரையே ஊற்ற வேண்டும். உப்பு நீரை ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். மீன் சாகும்!

மின்சாரம் நின்றால்?

பம்ப் நிற்கும். ஆனால் மேலே வழியும் நீர் உடனே நிற்காது! 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலமுள்ள தொட்டியில் ஓர் அங்குலம் இறங்கினாலே சுமார் 14 லிட்டர். சம்ப்பில் அவ்வளவு காலி இடம் இல்லாவிட்டால் வீடெல்லாம் உப்புத் தண்ணீர்!

பம்ப் குழாய் வழியாகவும் நீர் திரும்பி இறங்கும். அதைத் தடுக்க, அந்தக் குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே சிறு துளை போடுகிறார்கள். மட்டம் குறைந்ததும் துளையில் காற்று புகும், இழுப்பு நின்றுவிடும்.

மீன் விடும் முன்பே சுவிட்சை அணைத்துப் பார்ப்பது நல்லது. நீண்ட நேரம் மின்சாரம் வராவிட்டால் மீன்கள் மூச்சுத் திணறும். பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்ப் கைவசம் இருக்க வேண்டும்.

பவளம் வேண்டாம்

உயிருள்ள கல் பவளமும் கடல் குதிரையும் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளவை. எடுப்பதும் விற்பதும் குற்றம். கோமாளி மீனையோ, மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். கடலில் கை வைக்கத் தேவை இல்லை.

கடைசியாக ஒன்று. தொட்டி வைத்த அன்றே மீன் விடக்கூடாது. கழிவின் நஞ்சை முறிக்கும் நுண்ணுயிர்கள் பெருக 4 முதல் 6 வாரம் ஆகும்.

பொறுத்தவர் வீட்டில்தான் மீன் பிழைக்கும்!