பாடம் பொது; பொறுப்பு யாருக்கு?
வளர்ந்தோர் தொழிற்கல்வியும் இணையவழிக் கூட்டு முயற்சியும்

ஒரு பாடத்தை இணையத்தில் ஏற்றுவது இன்றைக்குப் பெரிய வித்தையல்ல. கைபேசியில் வீடியோ எடுத்து வட்ஸ்அப் குழுவொன்றில் போட்டுவிட்டால் அதுவும் ஒரு வகுப்புத்தான். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது ஆசிரியர்களில் பலர் அப்படித்தான் தொடங்கினோம். ஆனால், அன்று நாம் கற்பித்த பிள்ளைக்குப் பின்னால் ஒரு பாடசாலை இருந்தது. பரீட்சைத் திணைக்களம் இருந்தது. படித்த பிள்ளை எங்கே போய் எதை எழுதும் என்பதில் எவருக்கும் குழப்பமில்லை. பாடசாலையை விட்டு இருபது வருடமான மேசனுக்கோ, வீட்டிலிருந்து தைக்கும் பெண்ணுக்கோ, கடையில் நிற்கும் இளைஞனுக்கோ அப்படி எதுவும் பின்னால் இல்லை. அவர்களுக்கு இணையத்தில் கற்பிக்க வருகிறவர்கள் ஏராளம். படித்து முடித்தபின் அவர்களுக்காகப் பொறுப்பேற்பவர் யார் என்பதுதான் கேள்வி.

இது ஏட்டுக் கேள்வியல்ல. எங்கள் பகுதியில் வயரிங் வேலை செய்யும் காக்கா ஒருவர் தனியார் நிறுவனமொன்றின் இணையவழிக் கற்கைநெறியில் காசு கட்டிப் படித்தார். தங்கநிற எழுத்தில் சான்றிதழ் வந்தது. வெளிநாட்டு வேலைக்காக அதைக் கொண்டுபோனவர் வெறுங்கையோடு திரும்பினார். "அவன் பார்த்துட்டு இது செல்லாது எண்டுட்டான் சேர். படிச்சது பொய்யா, பேப்பர் பொய்யா?" என்று என்னிடம் கேட்டார். படித்தது பொய்யல்ல. அந்தச் சான்றிதழுக்குப் பின்னால் நாட்டின் தொழிற்தகைமை முறை இருக்கவில்லை, அவ்வளவுதான்.

இத்தகைய கல்வியைத் தனியொரு நிறுவனம் நடத்துவது கடினம். பயிற்சி நிலையத்திடம் பட்டறையும் மதிப்பீட்டாளரும் இருப்பர். ஆனால் எழுதிய பாடம் தமிழில் இராது. பாடசாலையிடம் கணினிக்கூடம் இருக்கும். தொழில் தெரிந்தவர் இருக்கமாட்டார். நூலகத்திடம் மண்டபமும் மாலைநேரமும் இருக்கும். அதற்குமேல் ஒன்றும் இராது. ஆகவே கூட்டு வேண்டும். கூட்டு என்றதும் எல்லாவற்றையும் பொதுவாக்கிவிடுவது என்று நினைக்கிறோம். எதைப் பொதுவாக்குவது, எதைப் பொதுவாக்காமல் விடுவது என்று தீர்மானிப்பதில்தான் கூட்டின் ஆயுள் இருக்கிறது.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு நமது கடலுக்கு அப்பால் உண்டு. மாலைதீவு, சமோவா, சீஷெல்ஸ் போன்ற சின்னஞ்சிறு நாடுகள் தனித்தனியே இணையவழிக் கற்கைநெறிகளை எழுதப் போனால் செலவைத் தாங்கமாட்டா. 2000ஆம் ஆண்டு கனடாவின் ஹலிஃபாக்ஸ் நகரில் கூடிய பொதுநலவாயக் கல்வியமைச்சர்கள் இதைப் பேசினார்கள். சிறிய நாடுகளுக்கான மெய்நிகர் பல்கலைக்கழகம் என்ற ஏற்பாடு அதிலிருந்து பிறந்தது. கனடாவைத் தளமாகக் கொண்ட பொதுநலவாயக் கற்றல் அமைப்பு அதை ஒருங்கிணைத்தது.

பெயரில் பல்கலைக்கழகம் என்றிருந்தாலும் அது பட்டம் கொடுக்கும் நிறுவனமல்ல. பல நாட்டு ஆசிரியர்களை ஒரே இடத்தில் கூட்டிச் சில வாரங்கள் உட்காரவைத்து ஒரு கற்கைநெறியைச் சேர்ந்தே எழுதவைத்தார்கள். முதலாவது கூட்டம் 2006இல் மொரீஷியஸில் நடந்தது. ஊருக்குத் திரும்பியபின் இணையத்தில் எழுத்தைத் தொடர்ந்தார்கள். சுற்றுலா, மீன்பிடி, கட்டடவேலை, அனர்த்த முகாமைத்துவம் என்று அந்த நாடுகளின் வாழ்க்கையோடு ஒட்டிய பாடங்கள்தாம் எடுக்கப்பட்டன. எழுதியவை திறந்த உரிமத்தில் வெளியாயின. எவரும் எடுக்கலாம், தமக்கேற்ப மாற்றலாம்.

இங்கேதான் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. பாடம் எல்லோருக்கும் பொது. ஆனால் மாணவரைப் பதிவு செய்வது, கற்பிப்பது, மதிப்பிடுவது, சான்றிதழ் கொடுப்பது ஆகிய நான்கும் அந்தந்த நாட்டு நிறுவனத்தின் வேலை. சமோவாவில் படித்தவரின் சான்றிதழில் சமோவா நிறுவனத்தின் பெயர்தான் இருக்கும். ஒரு நாட்டின் சான்றிதழ் இன்னொரு நாட்டில் எந்தத் தரத்துக்குச் சமம் என்று காட்ட, 10 மட்டங்களைக் கொண்ட தகைமைச் சட்டகமொன்றை 2010இல் அறிமுகப்படுத்தினார்கள். அது உள்நாட்டுச் சட்டகங்களை அகற்றவில்லை. ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுகோலாக நின்றது.

இலங்கை அந்தச் சிறிய நாடுகளின் பட்டியலில் இல்லை. ஆயினும் அவர்களுடைய பிரிப்பு நமக்கும் பொருந்தும். நம்மிடம் ஏற்கனவே தேசிய தொழிற்தகைமைச் சட்டகம் உண்டு. அதில் 7 மட்டங்கள்: முதல் நான்கும் சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு பயிற்சி நிலையங்களைப் பதிவு செய்கிறது. கற்கைநெறிகளுக்கும் அங்கீகாரம் வழங்குகிறது. ஒரு நிலையம் பதிவு பெற்றிருப்பதும் அது நடத்தும் குறிப்பிட்ட கற்கைநெறி அங்கீகாரம் பெற்றிருப்பதும் இரண்டு வேறு விடயங்கள். காசு கட்டுமுன் இரண்டையும் கேட்க வேண்டும்.

நமது சட்டகத்தில் பலருக்குத் தெரியாத இன்னொரு வழியும் உண்டு. ஏற்கனவே தொழில் தெரிந்தவர் வகுப்பில் உட்காராமலே, தன் அனுபவத்துக்கான சான்றுகளைக் காட்டி, மதிப்பீட்டாளர் முன்னிலையில் வேலையைச் செய்து தகைமை பெறலாம். முன்கற்றலை அங்கீகரித்தல் என்பார்கள். மேலே சொன்ன காக்காவுக்கு உண்மையில் தேவைப்பட்டது இதுதான். பாதைப் பாதுகாப்பு, மின்னளவீடு என்று சில இடங்களில் மட்டும் அவருக்குப் பாடம் தேவைப்பட்டது. மற்றதெல்லாம் அவர் கையிலேயே இருந்தது.

இரண்டு வருடங்களுக்கு முன் பயிற்சி நிலையமொன்றும் பொது நூலகமொன்றும் எங்கள் பாடசாலையும் சேர்ந்து வீட்டு வயரிங் கற்கைநெறிக்கு இணையவழித் துணைப்பாடம் நடத்தத் தீர்மானித்தபோது, தமிழைப் பார்க்கவென்று என்னை அழைத்தார்கள். போகப் போக ஒருங்கிணைப்பும் என் தலையில் விழுந்தது. 25 பேரளவில் சேர்ந்தார்கள். நடத்திய முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு பக்கத்தில் உடன்படிக்கை எழுதினோம். பாடம் மூவருக்கும் பொது. பதிவும் மதிப்பீடும் சான்றிதழும் பயிற்சி நிலையத்துக்கு. இடமும் இணைய இணைப்பும் நூலகத்துக்கு. எழுத்தும் கணினி உதவியும் பாடசாலைக்கு. அதிக நேரம் பேசியது தலையெண்ணிக்கையைப் பற்றித்தான். எந்த நிறுவனமும் ஆண்டிறுதியில் இத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தோம் என்று மேலிடத்துக்குக் காட்டவேண்டும். ஒரே ஆளை மூவரும் எண்ணினால் கணக்குப் பொய்; ஒருவர் மட்டும் எண்ணினால் மற்ற இருவருக்கும் மனத்தாங்கல். பயிலுநராக எண்ணுவது பயிற்சி நிலையம், வாசகராக எண்ணுவது நூலகம் என்று எழுதிக் கையொப்பமிட்டபின்தான் வேலை நகர்ந்தது. கூட்டு முயற்சிகள் தொழில்நுட்பக் கோளாறால் முறிவது குறைவு; இப்படியான சின்னக் கணக்குகளால் முறிவதுதான் அதிகம்.

மென்பொருளுக்குச் செலவில்லை. மூடில் என்ற கற்றல் முகாமைத்துவ மென்பொருளை அவுஸ்திரேலியரான மார்ட்டின் டூகியாமஸ் உருவாக்கி 2002இல் முதற்பதிப்பை வெளியிட்டார். அது இலவசம். ஒரே பாடத்தை எல்லோருக்கும் வைத்துக்கொண்டு, பயிலுநரைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் பொறுப்பாளர் ஒருவரை அதில் நியமிக்கலாம். அதன் கைபேசிச் செயலியில் பாடங்களை நூலகத்தில் இறக்கிவைத்துக்கொண்டு வீட்டில் டேட்டா இல்லாமலே படிக்கலாம். 2022இன் மின்வெட்டுகளை அனுபவித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

நேரத்தை வளர்ந்தோரின் நாளுக்கேற்ப வைத்தோம். வேலைக்குப் போகிற ஆண்களுக்கு இஷாவுக்குப் பின், பெண்களுக்குப் பிள்ளைகள் பாடசாலைக்குப் போன பின். ஒரு பாடம் 10 நிமிடத்தைத் தாண்டாது. எழுதக் கூச்சப்படுகிறவர் குரற்பதிவில் கேள்வி அனுப்பலாம். இரண்டு கிழமை ஒருவர் வராவிட்டால் நூலகத்திலிருந்து ஓர் அழைப்புப் போகும். மென்பொருள் தானாக அனுப்பும் நினைவூட்டலுக்கு அசையாதவர்கள், "என்ன காக்கா, ஆளக் காணல்ல?" என்ற ஒரு குரலுக்குத் திரும்பி வந்தார்கள்.

மொழி பெரிய வேலையாக இருந்தது. நமது பாடநூல் 'உருகி' என்கிறது. கடையில் அது பியூஸ். பாடநூலில் 'புவித்தொடுப்பு', வேலைத்தளத்தில் ஏர்த். "உருகியெண்டா என்ன சேர்? நாங்க இருவது வருஷமா பியூஸ்தானே போடுறம்" என்று ஒருவர் கேட்டார். தமிழ் படித்தவனாகிய எனக்கு உருகி பிடிக்கும். ஆனால் பிடித்ததை எழுதுவதற்கல்ல என்னை அழைத்தது. மதிப்பீட்டுத் தாளில் ஒரு சொல்லும் கடையில் இன்னொரு சொல்லும் இருக்கும்போது, படிப்பவருக்கு இரண்டும் வேண்டும். ஒவ்வொரு பாடத்திலும் இரண்டையும் பக்கத்துப் பக்கம் வைத்து, கீழே பொருளின் படத்தைப் போட்டோம்.

திரையால் முடியாதது எது என்பதிலும் தெளிவு வேண்டும். நமது வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று. இரும்புப் பெட்டியின் உள்ளே வயர் உரசி மின்சாரம் உடம்பில் ஏறினால், அதை மண்ணுக்குக் கடத்திவிடுவது ஏர்த் வயர். 30 மில்லியம்பியர் அளவுக்குக் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிச் அதற்குத் துணை. இதைப் படத்தில் விளக்கலாம். ஆணியை இறுக்கிய கை சரியாக இறுக்கியதா என்பதைப் படத்தால் பார்க்க முடியாது. தளர்ந்த ஓர் இணைப்பு ஒரு வீட்டையே எரிக்கும். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோரும் பட்டறைக்குப் போகவேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்கவில்லை. கொள்கையைக் கைபேசியில் படித்துவிட்டு வந்ததால், பட்டறை நேரம் முழுவதும் கைவேலைக்கே கிடைத்தது. இணையவழியின் பெரிய லாபம் இதுதான் என்பேன்.

நமது ஊர்களில் நூலகங்களும் பழைய மாணவர் சங்கங்களும் பெண்கள் அமைப்புகளும் இப்படியொரு முயற்சியில் இறங்க ஆசைப்படுகின்றன. கணினி வாங்க நன்கொடையும் கிடைக்கிறது. வாங்குமுன் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதிவைக்க வேண்டும். யாருடைய பதிவேட்டில் பயிலுநரின் பெயர் இருக்கும்? யார் அவரது வேலையைக் கண்ணால் பார்த்து மதிப்பிடுவார்? இடையில் நின்றுபோனால் யார் அவரைத் தேடிப் போவார்? மூன்றுக்கும் ஆளின் பெயரோடு விடை கிடைத்துவிட்டால் மென்பொருளைப் பற்றி ஒரு பின்னேரத்தில் பேசி முடித்துவிடலாம். கிடைக்காவிட்டால், முதலில் போகவேண்டிய இடம் கணினிக் கடையல்ல. பக்கத்திலிருக்கும் அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையம்.