கடிகாரமா, வெடிகுண்டா? பள்ளிப் பாதுகாப்பில் நுழையும் தப்பெண்ணம்

'பள்ளியில் பாதுகாப்பு' என்று தலைப்புக் கொடுத்தால் நம் மாணவர்கள் எழுதும் கட்டுரை ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். வாசலில் காவலர் வேண்டும், கேமரா வேண்டும், புத்தகப்பையில் திடீர்ச் சோதனை வேண்டும், மீறினால் கடும் தண்டனை வேண்டும். இதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால், அந்த ஏற்பாடு முழுவதும் தவறே செய்யாத ஒரு பிள்ளையின் மேல் திரும்பினால் என்ன ஆகும்? இந்தப் பக்கத்தை மாணவர்கள் தொடுவதே இல்லை. உயர்நிலைச் சிந்தனைக் கேள்விகள் கேட்கப்படும் இந்தக் காலத்தில் இதையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. இதை விளக்க, சில ஆண்டுகளுக்கு முன் உலகமே பேசிய ஒரு சம்பவத்தை எடுத்துக்கொள்வோம்.

2015 செப்டம்பர் 14, திங்கட்கிழமை. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் இர்விங் என்ற நகரம். அங்குள்ள மெக்கார்தர் உயர்நிலைப்பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் அகமது முகமது. வயது 14. சூடானிலிருந்து வந்து குடியேறிய முஸ்லிம் குடும்பம். மின்னணுப் பொருள்களைப் பிரித்துப் பிரித்து மாட்டுவதில் பையனுக்குக் கொள்ளை ஆசை. ஒரு கடிகாரத்தின் உள்பாகங்களைச் சின்னப் பெட்டி போன்ற பென்சில் பெட்டிக்குள் பொருத்தி, ஆசிரியரிடம் காட்டலாம் என்று அன்று பள்ளிக்குக் கொண்டு வந்தான். பொறியியல் பாட ஆசிரியர் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். ஆனால், வேறு யாரிடமும் காட்டாதே என்றும் சொல்லி வைத்தார். பிறகு ஆங்கிலப் பாட வேளையில் கடிகாரம் 'பீப்' என்று ஒலித்தது. என்ன அது என்று ஆசிரியை கேட்டார். அவன் எடுத்துக் காட்டினான். வெடிகுண்டு மாதிரி இருக்கிறதே என்று சொல்லி அவர் அதை வாங்கி வைத்துக்கொண்டார்.

அன்றே பள்ளி முதல்வரும் போலீசும் அவனை வகுப்பிலிருந்து அழைத்துப் போனார்கள். ஓர் அறையில் வைத்து விசாரித்தார்கள். பிறகு கைவிலங்கு மாட்டிச் சிறார் தடுப்பு மையத்துக்குக் கொண்டு போய்க் கைரேகை எடுத்தார்கள். பள்ளி தன் பங்குக்கு 3 நாள் இடைநீக்கம் செய்தது. நாசா என்று எழுதிய டி-சட்டையும் கண்ணாடியும் அணிந்த ஒல்லிப் பையன் கைவிலங்கோடு திகைத்து நிற்கும் படம் இணையத்தில் பரவியது. இரண்டே நாளில் போலீஸ் வழக்கு எதுவும் போடப்போவதில்லை என்று அறிவித்தது. அப்போதைய அதிபர் ஒபாமா அந்தக் கடிகாரத்தைப் பாராட்டி, வெள்ளை மாளிகைக்கு எடுத்து வா என்று டுவிட்டரில் எழுதினார்.

பெரும்பாலோருக்கு நினைவில் இருப்பது ஒபாமா கதைதான். நாம் கவனிக்க வேண்டியது வேறு. ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. அந்தப் பெட்டி உண்மையிலேயே வெடிகுண்டாக இருக்கலாம் என்று பெரியவர்கள் நம்பியிருந்தால் முதலில் என்ன செய்திருப்பார்கள்? அபாய மணி அடிக்கும். பிள்ளைகள் அனைவரும் திடலுக்குப் போவார்கள். வெடிகுண்டு நிபுணர்கள் வருவார்கள். பெட்டியின் பக்கத்தில் யாரும் நிற்க மாட்டார்கள். இர்விங்கில் இது எதுவும் நடக்கவில்லை. பள்ளியைக் காலி செய்யவில்லை. ஆசிரியை அதைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு பாடம் நடத்தினார். அப்படியானால் அவர்கள் பயந்தது பெட்டிக்கு அல்ல. பெட்டியைக் கொண்டுவந்த பையனை நினைத்துத்தான் சந்தேகம்.

போலீஸ் பின்னால் சொன்ன விளக்கமும் இதையே காட்டுகிறது. அது குண்டு என்று அவர்கள் வாதாடவில்லை. போலிக் குண்டு செய்து மிரட்டினானா என்பதுதான் விசாரணை. அவன் திரும்பத் திரும்பக் கடிகாரம் கடிகாரம் என்றே சொன்னானாம். அதற்கு மேல் விளக்கம் கொடுக்கவில்லையாம். இதுதான் அவர்கள் குறை! கடிகாரத்தைக் கடிகாரம் என்று சொன்ன பிறகு வேறு என்ன விளக்கம் வேண்டும்? டெக்சஸ் சட்டப்படி போலிக் குண்டுக் குற்றத்துக்கு, மற்றவர்களை நம்ப வைக்கும் நோக்கமோ பீதியைக் கிளப்பும் நோக்கமோ இருந்தாக வேண்டும். கேட்டவர்களிடமெல்லாம் இது கடிகாரம் என்று சொன்ன பிள்ளையிடம் அந்த நோக்கத்தை எங்கே தேடுவது?

இந்த இடத்தில் இரண்டு சொற்களைப் பிரித்துப் பார்த்தால் மாணவர்களுக்கு விஷயம் எளிதாகப் புரியும்: எச்சரிக்கை, தப்பெண்ணம். எச்சரிக்கையின் கேள்வி பொருளைப் பற்றியது. 'இது என்ன? எப்படி வேலை செய்கிறது? ஆபத்தா?' பதில் கிடைத்ததும் அந்தக் கேள்வி முடிந்துவிடும். தப்பெண்ணத்தின் கேள்வி ஆளைப் பற்றியது. 'இவன் யார்? எதற்குக் கொண்டு வந்தான்? மனசுல என்ன வெச்சிருக்கான்?' இதற்கு முடிவே கிடையாது. எந்தப் பதிலும் இன்னொரு சந்தேகமாகத்தான் போய் நிற்கும். பேசினால் திமிர், பேசாவிட்டால் மறைக்கிறான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நாம் படிவம் ஒன்றிலிருந்து எழுதி வருகிறோமே, அந்தப் பழமொழிகூட இங்கே பாதிதான் பொருந்தும். அரண்டவனுக்காவது இருட்டில் இருக்கும் எல்லாமே பேய். தப்பெண்ணம் கொண்டவருக்குச் சில முகங்கள் மட்டும்தான் பேய்.

இது மதத்தால் வந்த சந்தேகம் என்று நிரூபிக்க முடியுமா? இங்கே கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். அந்த ஆண்டு மார்ச்சில் இர்விங் நகரமன்றம் 'வெளிநாட்டுச் சட்டங்களுக்கு' எதிரான ஒரு மாநில மசோதாவை 5க்கு 4 என்ற வாக்கில் ஆதரித்தது. தங்களைக் குறிவைத்தே இது கொண்டுவரப்பட்டது என்று அந்த ஊர் முஸ்லிம்கள் வருந்தினார்கள். ஊரின் காற்று அப்படி இருந்தது. விசாரணை அறைக்குள் நுழைந்தபோது, தான் முன்பின் பார்த்திராத ஓர் அதிகாரி, 'நான் நினைத்த ஆள்தான்' என்ற பொருளில் பேசியதாக அகமது பின்னர் சொன்னான். ஆனால் குடும்பம் தொடுத்த வழக்கை 2017-இல் கூட்டரசு நீதிபதி தள்ளுபடி செய்தார். இனம், மதம் காரணமாகத்தான் பாகுபாடு நடந்தது என்பதற்கு மனுவில் போதிய ஆதாரம் காட்டப்படவில்லை என்றார். கட்டுரை எழுதும் மாணவர்கள் இதை மறைக்கக் கூடாது. தப்பெண்ணத்தின் குணமே இதுதான். யாரும் அதை எழுதி வைத்துவிட்டுச் செய்வதில்லை. 'விதிப்படிதான் நடந்தோம்' என்ற சொல்லுக்குப் பின்னால் அது வசதியாக உட்கார்ந்துகொள்ளும்.

இன்னொரு வாதமும் வந்தது. பையன் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை, கடையில் வாங்கிய கடிகாரத்தைக் கழற்றி வேறு பெட்டியில் மாட்டினான், அவ்வளவுதான் என்று மின்னணுவியல் தெரிந்த சிலர் எழுதினார்கள். இருக்கட்டுமே. 14 வயதுப் பிள்ளை அப்படித்தானே கற்றுக்கொள்ளும்? அவன் விஞ்ஞானியா இல்லையா என்பதற்கும் அவன் கையில் விலங்கு மாட்டலாமா என்பதற்கும் என்ன சம்பந்தம்? கெட்டிக்காரப் பிள்ளை என்பதால் அநியாயம் என்று எழுதுவதும் ஒரு தப்பான வாதம்தான். மக்குப் பிள்ளைக்கும் அதே நியாயம் உண்டு.

சரி, பள்ளிகள் ஏன் இப்படி மிரண்டு போயின? காரணம் இல்லாமல் இல்லை. 1994-இல் அமெரிக்கா ஒரு சட்டம் கொண்டு வந்தது. பள்ளிக்குத் துப்பாக்கி கொண்டு வரும் மாணவனைக் குறைந்தது ஓராண்டு விலக்க வேண்டும் என்றது அது. 1999 ஏப்ரல் 20-இல் கொலராடோ மாநிலத்தின் கொலம்பைன் உயர்நிலைப்பள்ளியில் இரண்டு மாணவர்கள் நடத்திய தாக்குதலில் 12 மாணவர்களும் ஓர் ஆசிரியரும் அன்றே மாண்டார்கள். அந்தப் பயம் நியாயமான பயம். யாரும் அதைக் கேலி செய்ய முடியாது. ஆனால் பயத்தில் பிறந்த 'துளியும் பொறுக்க மாட்டோம்' என்ற கொள்கை, துப்பாக்கியோடு நிற்கவில்லை. 2009-இல் டெலவேர் மாநிலத்தில் 6 வயதுப் பையன் ஒருவன், முகாமுக்குக் கொண்டு போகும் கரண்டியும் முள்கரண்டியும் கத்தியும் ஒன்றாக மடங்கும் கருவியைச் சாப்பாட்டு வேளைக்காகக் கொண்டு வந்தான். 45 நாள் சீர்திருத்தப் பள்ளிக்குப் போக வேண்டிய நிலை. ஊர் கொதித்த பிறகுதான் பள்ளி வாரியம் சின்னப் பிள்ளைகளுக்கான விதியைத் தளர்த்தியது. 2013-இல் மேரிலாந்தில் 7 வயதுப் பையன் ஒருவன் பலகாரத்தைத் துப்பாக்கி வடிவில் கடித்தான் என்று 2 நாள் இடைநீக்கம்!

வேடிக்கை என்னவென்றால், அந்த 1994-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே ஒவ்வொரு சம்பவத்தையும் தனித்தனியாகப் பார்த்துத் தண்டனையை மாற்றும் அதிகாரம் கொடுக்கப்பட்டிருக்கிறது. சட்டம் யோசிக்க இடம் விட்டது. பயன்படுத்தியவர்கள்தான் யோசிப்பதை விட்டார்கள்.

எல்லாருக்கும் ஒரே விதி என்றால் பாகுபாடு வராதே என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்விதான். அமெரிக்க அரசின் கணக்காய்வு அலுவலகம் 2018-இல் வெளியிட்ட அறிக்கையில் இதற்குப் பதில் இருக்கிறது. 2013-14 கல்வியாண்டில் அரசுப் பள்ளி மாணவர்களில் கறுப்பின மாணவர்கள் 15.5 விழுக்காடு. ஆனால், இடைநீக்கம் செய்யப்பட்டவர்களில் அவர்கள் சுமார் 39 விழுக்காடு. ஏழைப் பள்ளி, வசதியான பள்ளி என்ற வேறுபாடு இல்லாமல் இதே நிலை. விதி ஒன்றுதான். ஆனால் ஒரு செயல் 'விதிமீறல்' என்று முதலில் ஓர் ஆசிரியரின் கண்ணுக்குப் பட வேண்டுமே. யாரை அந்தக் கண் அதிகமாகப் பார்க்கிறதோ, அவர்கள்தான் அதிகமாக மாட்டுவார்கள்.

இப்போது கண்ணுக்குப் பதில் இயந்திரம் வந்திருக்கிறது. 2025 அக்டோபரில் மேரிலாந்தின் பால்டிமோர் வட்டாரத்தில் ஒரு பள்ளிக்கு வெளியே உட்கார்ந்திருந்த 16 வயது மாணவனின் கையில் இருந்த காலி உருளைக்கிழங்குச் சீவல் பாக்கெட்டை, செயற்கை நுண்ணறிவுக் கேமரா துப்பாக்கி என்று எச்சரித்தது. பாதுகாப்புப் பிரிவினர் படத்தைச் சரிபார்த்து அந்த எச்சரிக்கையை ரத்தும் செய்துவிட்டார்கள். இருந்தும் தகவல் போலீசுக்குப் போய், துப்பாக்கிகளை நீட்டியபடி வந்தவர்கள் அவனை மண்டியிடச் சொல்லிக் கைவிலங்கு மாட்டினார்கள். இங்கே இயந்திரம் செய்த பிழையைவிட, சரிபார்த்த மனிதரின் பேச்சு உரிய நேரத்தில் போய்ச் சேராததுதான் பெரிய பிழை என்பது என் கருத்து.

இவ்வளவு கெடுபிடியாலும் பள்ளி பாதுகாப்பாகிறதா என்றால், அதுவும் இல்லை. கொலம்பைனுக்குப் பிறகு அமெரிக்க இரகசியச் சேவைப் பிரிவும் கல்வித் துறையும் சேர்ந்து 37 பள்ளித் தாக்குதல்களை ஆராய்ந்து 2002-இல் அறிக்கை வெளியிட்டன. இரண்டு முடிவுகள் நமக்கு முக்கியம். ஒன்று, தாக்குபவன் இப்படித்தான் இருப்பான் என்று சொல்ல எந்த அடையாளமும் இல்லை. நிறமோ குடும்பமோ படிப்போ எதுவும் காட்டிக்கொடுக்காது. மற்றொன்று, 81 விழுக்காட்டுச் சம்பவங்களில் குறைந்தது ஒருவருக்காவது முன்கூட்டியே விஷயம் தெரிந்திருந்தது. தெரிந்தவர்கள் பெரும்பாலும் சக மாணவர்களே.

அதாவது, பள்ளியைக் காப்பாற்றக்கூடிய தகவல் பெரும்பாலும் ஒரு மாணவனின் வாயில்தான் இருக்கிறது. அவன் வந்து ஆசிரியரிடம் சொல்வானா? நேற்று ஒன்றும் செய்யாத நண்பனை விலங்கு மாட்டி இழுத்துப் போனதைப் பார்த்த பிள்ளை இன்று வாய் திறப்பானா? 'நமக்கெதுக்கு வம்பு' என்று ஒதுங்கிக்கொள்வான். மிகையான நடவடிக்கை அநியாயம் என்பது ஒருபுறம் இருக்க, அது பாதுகாப்பையும் கெடுக்கிறது. மாணவர்களின் கட்டுரைகளில் நான் பார்க்காத கருத்து இதுதான்.

மாற்று வழி இல்லாமல் இல்லை. வர்ஜினியா மாநிலம் 2013 முதல் எல்லா அரசுப் பள்ளிகளிலும் மிரட்டல்களை மதிப்பிடும் குழு இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. நிர்வாகி, ஆலோசகர், காவல் துறையைச் சேர்ந்தவர் போன்றோர் கூடி உட்காருவார்கள். இது கோபத்தில் சொன்ன வார்த்தையா, உண்மையிலேயே திட்டம் இருக்கிறதா என்று விசாரித்த பிறகே முடிவு. கட்டொழுங்கு ஆசிரியர் ஒருவரே நின்ற இடத்தில் தீர்ப்புச் சொல்வதைவிட இது மெதுவான வழிதான். அந்த மெதுவில்தான் பிள்ளைக்குப் பேச நேரம் கிடைக்கிறது. இர்விங்கில் மின்சுற்றுத் தெரிந்த ஆசிரியர் அதே கட்டடத்தில் இருந்தார், கடிகாரத்தைக் காலையிலேயே பார்த்தும் இருந்தார்.

வகுப்பில் இதை எடுத்துப் பேச விரும்பும் ஆசிரியர்கள் ஒபாமாவிலிருந்து தொடங்க வேண்டாம். சம்பவத்தை ஆங்கில வகுப்பில் 'பீப்' ஒலித்த இடத்தோடு நிறுத்திவிட்டு, 'நீங்கள் அந்த ஆசிரியர். அது குண்டு என்று நிஜமாகவே நம்புகிறீர்கள். அடுத்த ஐந்து நிமிடத்தில் என்ன செய்வீர்கள்?' என்று எழுதச் சொல்லுங்கள். எழுதி முடித்த பிறகு, உண்மையில் நடந்ததைப் படித்துக் காட்டுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைகளே சொல்லட்டும். எஸ்.பி.எம். மாணவர்களுக்கு வாதக் கட்டுரைத் தலைப்பாகவும் கொடுக்கலாம்: 'பள்ளிகளில் கடுமையான பாதுகாப்பு விதிகள் மாணவர்களுக்கு நன்மையையே தரும்.' ஆதரித்து எழுதுபவர்கள் கொலம்பைனையும், மறுத்து எழுதுபவர்கள் அந்த 81 விழுக்காட்டையும் எடுத்துக்கொண்டால் விவாதம் சூடாக இருக்கும்.