புல்லுக்கு அடியில் ஒரு பூதம்!

கிணறு வெட்டினால் பூதம் கிளம்பும் என்பார்கள். நான் கிணறுகூட வெட்டவில்லை ஸார், புல்தான் போட்டேன்!

2022-ல் தாம்பரம் தாண்டி ஒரு பழைய வீடு வாங்கினேன். லோன்தான். வாசலில் கொஞ்சம் வெற்றிடம். 'அங்கே கார்டன் போடலாமே' என்றாள் மனைவி. நாலு லோடு செம்மண், மேலே கொரியன் புல், ஓரத்தில் ரோஜா. சாயங்காலம் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் காபி குடித்தால் ஊட்டி மாதிரிதான் இருந்தது.

அடுத்த வருடம் நவம்பர் மழை. ஞாயிற்றுக்கிழமை காலை பாத்ரூமில் 'குளுக் குளுக்' என்று சத்தம். போனது திரும்பி வந்தது. (டிபன் சாப்பிடுகிறவர்கள் மன்னிக்கவும்!)

லாரி வந்தது. டிரைவர் கேட்ட முதல் கேள்வி: "மூடி எங்க ஸார்?"

"அதான்... தெரியலை."

கடப்பாரையால் என் ஊட்டியில் ஏழு இடத்தில் குத்திப் பார்த்தார்கள். எட்டாவது குத்துக்குள் பக்கத்து வீட்டுப் பெரியவர் சுவருக்கு மேல் தலையை நீட்டி, "தம்பி, காத்துக் குழாய் நிக்குதுல்ல? அதுக்கு நேரா மூணடி தள்ளிப் பாருங்க" என்றார். அங்கேதான் இருந்தது. அந்த இடத்தில் மட்டும் புல் ஏன் மஞ்சளாக இருக்கிறது என்று ஒரு வருடமாக உரம் போட்டுக் கொண்டிருந்தேன்! ஸ்லாபுக்கு மேல் மண் கம்மி. வேர் எங்கே இறங்கும்?

மண்ணை விலக்கியதும்தான் வயிறு கலங்கியது. ஸ்லாப் குறுக்கே விரிசல். என் மகள் தினமும் ஸ்கிப்பிங் ஆடிய இடம் அது.

மூடியை நெம்பியதும் லாரியோடு வந்த பையன் உள்ளே எட்டிப் பார்க்கக் குனிந்தான். டிரைவர் போட்ட அதட்டலில் நானே இரண்டடி பின்வாங்கினேன். வருடக்கணக்கில் மூடிக் கிடந்த தொட்டியில் ஹைட்ரஜன் சல்ஃபைடு, மீத்தேன் எல்லாம் சேர்ந்திருக்கும். முதலாவது ஆளை மயக்கிச் சாய்க்கும். இரண்டாவது தீக்குச்சிக்குக் காத்திருக்கும். மூக்கை நம்பவும் முடியாது. விஷ வாயு அதிகமானால் வாசனை தெரிகிற சக்தியே போய்விடும். தக்க பாதுகாப்பு இல்லாமல் ஆளை உள்ளே இறக்கினால், 2013 சட்டப்படி முதல் தடவைக்கே இரண்டு வருடம் வரை ஜெயில், அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே. இறக்கிவிட்ட வீட்டுக்காரரும் தப்ப முடியாது.

ஆகவே, கடப்பாரையைத் தொடுமுன் வீட்டு பிளானைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் பழைய ஓனர், கட்டிய கொத்தனார், பக்கத்து வீட்டுப் பெரியவர், யாரையாவது பிடியுங்கள். டாய்லெட் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தால் சேம்பர்கள் அந்த வழியில்தான் இருக்கும். சம்ப் மூடி, 2003-ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது வெட்டிய குழி, மீட்டர் பெட்டிக்குப் பக்கத்து எர்த் குழி என்று இன்னும் சில ஆசாமிகள் மண்ணுக்குள் உண்டு. எர்த் குழியை மூடிவிட்டுக் கோடையில் எங்கே தண்ணீர் ஊற்றுவீர்கள்?

தோண்டும்போது மணலும் வரிசையாகச் செங்கல்லும் தட்டுப்பட்டால் அப்படியே நிறுத்திவிடுங்கள். அடியில் ஈ.பி. கேபிள் இருக்கலாம். 2023 மார்ச்சில் மத்திய அரசு 'கால் பிஃபோர் யூ டிக்' என்று ஒரு ஆப் கொண்டு வந்தது. அது ரோடு தோண்டுகிறவர்களுக்கு. உங்கள் காம்பவுண்டுக்குள் பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் ஆப்!

புது ஸ்லாப் போட்டு, மூடியைத் தரைக்கு மேலே தெரிகிற மாதிரி உயர்த்தியாயிற்று. ஒவ்வொரு மூடியும் சுவரிலிருந்து எத்தனை அடி என்று டேப் பிடித்து அளந்து, வீட்டுப் பத்திரத்தோடு ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். ரோஜா இப்போது தொட்டியில். கடப்பாரை குத்திய ஏழு ஓட்டையில் ஆறில் புல் வந்துவிட்டது. ஏழாவதைக் காட்டி, வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் மனைவி கதை சொல்லிக் கொண்டிருக்கிறாள்.