பனி உருகினால் பாட்டாளி!

பின்லாந்து நாட்டுக் கிராமங்களில் வசந்தம் வருவது ஏப்ரல், மே மாதங்களில்தான். பனி உருகியதும் இல்லத்தரசிக்கு வேலைக்குப் பஞ்சமில்லை! தரைவிரிப்புகளை வெளியே தட்டிக் காயப்போடணும், ஜன்னல்களைத் துடைக்கணும், செப்டம்பரில் தோண்டி நிலவறையில் சேர்த்த உருளைக்கிழங்கைத் தரம் பிரிக்கணும்.

நல்ல கிழங்கு சில விதைக்குப் போகும். முளைவிட்டுச் சுருங்கியதும், வெளிச்சம் பட்டுப் பச்சை பாய்ந்ததும் சமையலுக்கு ஆகாது. அவற்றிலுள்ள ‘சோலனைன்’ நஞ்சு வாந்தி, வயிற்றுவலி தரும், வேகவைத்தாலும் போகாது.

தோட்டம் வெறுமையாக இருக்கும் அந்நாளில் கைகொடுப்பது, காஞ்சொறி போல அரிக்கும் ‘நெட்டில்’ தளிர். கையுறை போட்டுப் பறித்து, கொதிநீரில் வேகவிட்டால் அரிப்பு போச்சு, சூப் தயார்!

கிழங்கு விஷயம் நமக்கும் பொருந்தும், சகோதரிகளே. பச்சைக் கிழங்கில் சிக்கனம் பார்க்காதீர்கள். குழந்தையின் வயிறு முக்கியம்!