அழியும் படங்களைக் கைபேசியால் காப்போம்

கடலுக்கும் வாவிக்கும் இடையிலுள்ள எங்கள் குருக்கள்மடத்தில் உப்புக்காற்றும் ஈரமும் பழைய படங்களை அரிக்கின்றன. யுத்தத்திலும் 2004 சுனாமியிலும் தப்பிய ஒற்றைப் படம்தான் சில வீடுகளில் காணாமற்போனவரின் முகம். 2017 பெப்ரவரி 20 கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டத்திலும் தாய்மார் ஏந்தி நிற்பது இத்தகைய படங்களையே. அவற்றைப் பிரதியெடுக்க ஸ்மார்ட்போன் போதும் என்பது என் அனுபவம்.

பிரேம் கண்ணாடியில் ஒட்டிப்போன படத்தைப் பிய்க்காதீர்கள், கிழிந்துவிடும். அப்படியே எடுங்கள். நேர்வெயில் படாத யன்னலோரம் வையுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். லென்ஸைத் துடைத்து, போனைப் படத்துக்குச் சமாந்தரமாகப் பிடியுங்கள். சரிந்தால் முகம் கோணும். 3 வினாடி டைமர் வைத்தால், பொத்தானை அழுத்தும்போது ஏற்படும் அசைவு படத்தில் விழாது. பின்புறம் எழுதியிருப்பதையும் எடுங்கள்.

முகத்தைத் தெளிவாக்கும் செயலிகளை நான் தொடுவதில்லை. தேய்ந்துபோன கண்ணையும் வாயையும் அவை ஊகித்தே வரைகின்றன. அடையாளம் காட்டவேண்டிய இடத்தில் அது வேறொருவர் முகமாகிவிடும்.

வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் நுணுக்கம் குறையும். 'டொக்கியுமன்ட்' ஆக அனுப்புங்கள். ஒரு பிரதி வெளிநாட்டு உறவுகளிடமும் இருக்கட்டும். எந்த அலுவலகம் கேட்டாலும் பிரதியையே கொடுங்கள். மூலப்படம் வீட்டைவிட்டுப் போகக்கூடாது.